மாதிரிகளுக்கு இடையே தொலைவு: எந்த அளவையை எடுப்பது?

சில ஆண்டுகளுக்கு முன் குடல் நுண்ணுயிர்கள் பற்றிய ஓர் ஆய்வுக்காக நாற்பது மாதிரிகளின் எண்ணிக்கை அட்டவணை என் கைக்கு வந்தது. நிரைக்கு ஒரு மாதிரி, நிரலுக்கு ஒரு நுண்ணுயிர் இனம், கட்டத்துக்குள் அந்த இனத்துக்குக் கிடைத்த டிஎன்ஏ துணுக்குகளின் எண்ணிக்கை. மாதிரிகளுக்கு இடையிலான தொலைவைக் கணக்கிட்டுப் படம் வரைந்தேன். இருபது புள்ளிகள் ஒரு பக்கமும் இருபது மறுபக்கமும் கோடு கிழித்தாற்போலப் பிரிந்து நின்றன. அதற்கு என்ன உயிரியல் விளக்கம் சொல்லலாம் என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் மொத்தத் துணுக்கு எண்ணிக்கையை நிறமாகக் கொடுத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் முழுவதும் வெளிறியும் மறுபக்கம் முழுவதும் அடர்ந்தும் இருந்தது. மாதிரிகள் டிஎன்ஏவைப் படிக்கும் வரிசைமுறை இயந்திரத்தில் இரண்டு தவணையாக ஏற்றப்பட்டிருந்தன. இரண்டாம் தவணையில் துணுக்குகள் பல மடங்கு கூடுதலாகக் கிடைத்திருந்தன. இயந்திரம் ஓடிய இரண்டு தவணைகளுக்கு இடையிலான வித்தியாசத்தைத்தான் நான் அவ்வளவு அக்கறையாக அளந்திருந்தேன்.

மூல எண்ணிக்கைகளின் மீது யூக்ளிடியத் தொலைவை, அதாவது வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கும் நேர்கோட்டுத் தொலைவை, அப்படியே ஓட்டியதன் விளைவு அது. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் தொலைவு கேட்டால், வேறெதுவும் சொல்லாதவரை அதுதான் கிடைக்கும். கொத்துப் பிரிப்பதும், வெப்பப்படம் வரைவதும், இரு குழுக்களுக்கு இடையே வேறுபாடு உண்டா என்று சோதிப்பதும் பெரும்பாலும் ஒரு தொலைவு அணியிலிருந்துதான், அதாவது எல்லா இணைகளின் தொலைவையும் அடுக்கிய அட்டவணையிலிருந்துதான், தொடங்குகின்றன. அந்த அணி கைக்கு வந்தபின் மூலத் தரவைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. அதனால் எந்த அளவை என்ற முடிவுக்கு, பின்னால் வரும் சோதனைகளுக்குக் கொடுப்பதைவிட அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இரண்டு. மாதிரியின் மொத்த எண்ணிக்கை உயிரினங்களைப் பற்றி ஏதாவது சொல்கிறதா, அல்லது கருவியைப் பற்றி மட்டும்தானா? ஓர் இனம் இரண்டு மாதிரிகளிலுமே இல்லை என்றால் அதை ஒற்றுமை என்று எண்ணலாமா?

கையால் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு சிறு கணக்கை வைத்துக்கொள்வோம். மூன்று இனங்கள், மூன்று மாதிரிகள். அ என்ற மாதிரியில் எண்ணிக்கைகள் 10, 5, 0. ஆ-வில் 100, 50, 0. இ-யில் 0, 0, 8. அ-வுக்கும் ஆ-வுக்கும் இனங்களும் ஒன்று, விகிதமும் ஒன்று. ஆ பத்து மடங்கு ஆழமாகப் படிக்கப்பட்டிருக்கிறது, அதாவது துணுக்குகள் பத்து மடங்கு கிடைத்திருக்கின்றன, அவ்வளவுதான். இ-க்கும் மற்ற இரண்டுக்கும் பொதுவாக ஓர் இனம்கூட இல்லை.

யூக்ளிடியக் கணக்கில் அ-வுக்கும் ஆ-வுக்கும் தொலைவு 100.6. அ-வுக்கும் இ-க்கும் 13.7. அதாவது, தன்னைப் போலவே இருக்கும் மாதிரியைவிட, தன்னோடு எந்த உறவும் இல்லாத மாதிரிதான் அ-வுக்கு நெருக்கம் என்று விடை வருகிறது. சூழலியல் நூல்கள் இந்த முரண்பாட்டைப் பல காலமாக எச்சரித்து வருகின்றன. வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டுவதால் பெரிய எண்கள் எல்லாவற்றையும் அமுக்கிவிடுகின்றன. அதோடு இரு பக்கமும் பூச்சியமாக இருக்கும் கட்டம் தொலைவைச் சிறிதும் கூட்டுவதில்லை. எனவே நிறையப் பூச்சியங்கள் கொண்ட மாதிரிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்து நின்றுவிடுகின்றன.

இந்த இரட்டைப் பூச்சியத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஒரு செடி ஒரு மலைச்சரிவில் இல்லாததற்குக் கடுங்குளிர் காரணமாக இருக்கலாம். இன்னொரு சரிவில் இல்லாததற்கு வறட்சி காரணமாக இருக்கலாம். இரண்டு இடத்திலும் இல்லை என்பதை வைத்து அந்தச் சரிவுகள் ஒத்தவை என்று சொல்ல வழியில்லை. நுண்ணுயிர் அட்டவணைகளில் பெரும்பாலான கட்டங்கள் பூச்சியமாகவே இருக்கும். அவற்றில் சில, உண்மையிலேயே இல்லாததால் வந்தவை. சில, இருந்தும் துணுக்குகள் போதாமல் கண்ணில் படாதவை. இரண்டையும் அட்டவணை ஒரே குறியால் எழுதுகிறது. ஆகவே சமூகத் தரவுக்கு, அதாவது எந்த இனம் எங்கே எவ்வளவு என்ற வகைத் தரவுக்கு, இரட்டைப் பூச்சியத்தைக் கணக்கில் சேர்க்காத அளவைகளையே முதலில் பார்க்க வேண்டும்.

அவற்றில் மிக எளியது ஜக்கார். சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் பால் ஜக்கார் 1901-இல் ஆல்ப்ஸ் மலைத் தாவரங்களை இடத்துக்கு இடம் ஒப்பிட்டபோது பயன்படுத்திய கருத்து அது. இரண்டில் ஏதாவது ஒன்றிலாவது காணப்படும் இனங்களில் எத்தனை பங்கு இரண்டிலும் இருக்கின்றன என்று பார்த்து, அதை ஒன்றிலிருந்து கழித்தால் தொலைவு. நம் கணக்கில் அ–ஆ பூச்சியம், அ–இ ஒன்று. நாம் எதிர்பார்த்த விடையே வருகிறது. ஆனால் ஒரே ஒரு துணுக்கால் தலைகாட்டிய இனத்துக்கும் பாதி மாதிரியை நிரப்பியிருக்கும் இனத்துக்கும் ஜக்காரில் ஒரே மதிப்புதான். ஆழமாகப் படிக்கப்பட்ட மாதிரியில் அரிய இனங்கள் கூடுதலாகத் தென்படும் என்பதால், மொத்த எண்ணிக்கை இங்கேயும் பின்வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது. ஜக்காரைப் பயன்படுத்தும்போது எல்லா மாதிரிகளையும் ஒரே மொத்தத்துக்குக் குறைத்துக்கொண்ட பிறகே கணக்கிடுவது என் வழக்கம். அப்படித் துணுக்குகளை எறிந்துவிடுவது தரவை வீணாக்குவது என்று 2014-இல் மக்மர்டியும் ஹோம்ஸும் வன்மையாக எதிர்த்து எழுதினார்கள். எந்த இனத்தின் அளவு மாறியிருக்கிறது என்று சோதிக்கும் வேலைக்கு அவர்கள் வாதம் சரி என்றே நினைக்கிறேன். இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்க்கும் தொலைவுக்கு மொத்தத்தைச் சமப்படுத்தாமல் விடுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

மென்பொருளில் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பலரும் விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஆர் மொழியின் வீகன் தொகுப்பில் ஜக்கார் என்று கேட்டால், இருமநிலைக் கணக்கு (இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும்) வேண்டும் என்று தனியாகச் சொன்னால் ஒழிய, எண்ணிக்கைகளையே பயன்படுத்தும் ஒரு வடிவம்தான் வரும். அந்த வடிவம் அடுத்துப் பார்க்கப்போகும் பிரே–கர்டிஸ் அளவையிலிருந்து நேரடியாகக் கிடைப்பது: பிரே–கர்டிஸ் மதிப்பை இரட்டித்து, அதே மதிப்போடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் போதும். ஆகவே எந்த இணை நெருக்கம், எந்த இணை தூரம் என்ற வரிசை இரண்டிலும் ஒன்றேதான். இரண்டு அளவைகளிலும் முடிவு ஒத்துப்போகிறது என்று கட்டுரையில் எழுதியவர், ஒரே அளவையை இரண்டு முறை ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

பிரே–கர்டிஸுக்கு வருவோம். ரோஜர் பிரே, ஜான் கர்டிஸ் இருவரும் 1957-இல் அமெரிக்காவின் தெற்கு விஸ்கான்சின் மேட்டுநிலக் காடுகளைப் பற்றி எழுதிய கட்டுரையால் நிலைபெற்ற பெயர் அது. ஒவ்வோர் இனத்திலும் உள்ள வித்தியாசங்களைக் குறி பார்க்காமல் கூட்டி, இரு மாதிரிகளின் மொத்தங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பூச்சியம் என்றால் இரண்டும் ஒன்றேபோல. ஒன்று என்றால் பொதுவானது எதுவுமில்லை. அ–இ தொலைவு சரியாக ஒன்று வருகிறது. அ–ஆ? வித்தியாசங்களின் கூட்டல் 135, மொத்தங்களின் கூட்டல் 165, விடை 0.82. ஒரே விகிதம் கொண்ட இரண்டு மாதிரிகள் ஏறக்குறைய அந்நியர்களாகிவிட்டன. விகிதங்களாக மாற்றிக்கொண்டு அதே கணக்கைப் போட்டால் 0.82 பூச்சியமாகிவிடுகிறது.

இந்த இரண்டு விடைகளில் எது சரி என்பதற்குத் தரவு எங்கிருந்து வந்தது என்பதே பதில். ஒரு காட்டில் பதினைந்து மரங்களும் அதே பரப்புள்ள இன்னொரு காட்டில் நூற்றைம்பது மரங்களும் இருந்தால், அந்த வித்தியாசம் காட்டினுடையது, 0.82 என்பது பொருளுள்ள எண். வரிசைமுறை இயந்திரத்தில் பதினைந்தும் நூற்றைம்பதும், குழாயில் எவ்வளவு ஊற்றினோம், அன்றைய ஓட்டத்தில் அந்த மாதிரிக்கு எவ்வளவு பங்கு கிடைத்தது என்பதைத்தான் சொல்கின்றன. காட்டுக்காகப் பிறந்த சூத்திரத்தை அப்படியே துணுக்கு அட்டவணைக்கு எடுத்துவரும்போது இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். குடல், மண், நீர் என்று எந்த நுண்ணுயிர்ச் சமூகமாக இருந்தாலும், விகிதங்களின் மீது கணக்கிட்ட பிரே–கர்டிஸ்தான் என் முதல் தேர்வு. 2001-இல் லெஜாந்தரும் கல்லகரும் முன்வைத்த வழியும் நல்லது: விகிதங்களுக்கு வர்க்கமூலம் எடுத்து, அதன்மேல் யூக்ளிடியத் தொலைவைக் கணக்கிட்டால் ஹெல்லிங்கர் தொலைவு கிடைக்கும். அதில் அ–ஆ பூச்சியம். அ–இ இரண்டின் வர்க்கமூலமான 1.41, அதுவே அந்த அளவையின் உச்சம். யூக்ளிடிய வெளியை எதிர்பார்க்கும் முறைகளோடு சேர்த்துப் பயன்படுத்த ஹெல்லிங்கர் வசதியானது.

பிரே–கர்டிஸுக்கு ஒரு குறை உண்டு. விகிதங்களின் மீது போடும்போது அது வித்தியாசங்களின் கூட்டுத்தொகையில் சரிபாதியே. ஆதிக்கம் செலுத்தும் ஓர் இனம் 60 சதவீதத்திலிருந்து 40-க்கு இறங்கினால் அது மட்டுமே தொலைவில் 0.1 சேர்க்கும். நோயோடு தொடர்புள்ள ஓர் அரிய இனம் 0.01 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாக, பத்து மடங்காகப் பெருகினாலும் அது சேர்ப்பது 0.00045. உங்கள் கேள்வி அந்த அரிய இனத்தைப் பற்றியது என்றால் பிரே–கர்டிஸ் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது.

மடங்கு மாற்றத்தை மதிக்கும் அளவை ஏட்சிசன் தொலைவு. ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவந்த ஸ்காட்லாந்துப் புள்ளியியலாளர் ஜான் ஏட்சிசன், 1982-இல், மொத்தம் நிலையாக இருக்கும் பங்கீட்டுத் தரவுகளுக்கென்று தனி வழியை வகுத்தார். ஒரு பங்கு கூடினால் மற்றவை குறைந்தே ஆகவேண்டிய இடத்தில், வழக்கமான கணக்குகள் பொய்யான உறவுகளைக் காட்டும். பொதுவான ஓர் எண்ணால் வகுக்கப்பட்ட அளவுகளுக்கு இடையே போலி ஒட்டுறவு (சேர்ந்தே ஏறி இறங்குவதுபோன்ற தோற்றம்) தோன்றும் என்று கார்ல் பியர்சன் 1897-இலேயே எச்சரித்திருந்தார். ஒவ்வொரு பங்கையும் அந்த மாதிரியின் பெருக்கல் சராசரியால் வகுத்து மடக்கை எடுத்து, பிறகு யூக்ளிடியத் தொலைவைக் கணக்கிடுவது ஏட்சிசன் வழி. பத்து மடங்கு என்பது அரிய இனத்திலும் பெருகிய இனத்திலும் பத்து மடங்காகவே நிற்கும். கருத்தளவில் இதைவிட ஒழுங்கான அளவை இந்தத் துறையில் இல்லை என்பேன்.

ஆனால் பூச்சியத்துக்கு மடக்கை கிடையாது. எல்லாக் கட்டங்களிலும் ஒன்றைக் கூட்டிவிட்டுத் தொடங்குவது பலரின் வழக்கம். நம் மாதிரிகளில் அப்படிச் செய்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அ 11, 6, 1 ஆகிறது. ஆ 101, 51, 1 ஆகிறது. மடக்கையெடுத்துக் கணக்கிட்டால் அ–ஆ தொலைவு 1.78. ஒன்றுக்குப் பதில் அரையைக் கூட்டினால் 1.83. விகிதம் மாறாத இரண்டு மாதிரிகளுக்குப் பூச்சியத்தைத் தர வேண்டிய அளவை, நாம் கூட்டிய ஒன்றினாலேயே தன் பலத்தை இழந்துவிட்டது. துணுக்குகளின் மொத்தம் மறுபடியும் உள்ளே வந்துவிட்டது. இருக்கும் இரண்டு இனங்களை மட்டும் வைத்துப் போட்டிருந்தால் சரியாகப் பூச்சியம் வந்திருக்கும். நுண்ணுயிர்த் தரவுகள் அடிப்படையிலேயே பங்கீட்டுத் தரவுகள், இதில் தேர்வுக்கு இடமே இல்லை என்று குளூரும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் எழுதினார்கள். வாதத்தை முழுவதும் ஏற்கிறேன். நடைமுறையில், இனங்களைப் பேரின அளவில் தொகுத்து, மிகச் சில மாதிரிகளில் மட்டும் தென்படுபவற்றை நீக்கி, பூச்சியங்கள் குறைந்த அட்டவணையில்தான் ஏட்சிசனை நம்புகிறேன். பத்தில் ஒன்பது கட்டம் பூச்சியமாக இருக்கும் அட்டவணையில் அதைப் போட்டால், கூட்டிய எண்ணைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

இதுவரை பார்த்த எல்லா அளவைகளும் இனங்களை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பெயர்களாகவே பார்க்கின்றன. ஒரு குடலில் பாக்டீராய்ட்ஸும் இன்னொன்றில் பிரெவோடெல்லாவும் மட்டுமே இருந்தால் ஜக்காரும் பிரே–கர்டிஸும் முழுத் தொலைவைச் சொல்லும். இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த நெருங்கிய உறவினர்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது. 2005-இல் கேத்தரின் லோசுபோனும் ராப் நைட்டும் கொண்டுவந்த யூனிஃப்ராக் பரிணாம மரத்தை எடுத்துக்கொண்டு, மொத்தக் கிளை நீளத்தில் ஒரு மாதிரிக்கு மட்டுமே உரிய பங்கு எவ்வளவு என்று பார்க்கிறது. ஒவ்வோர் இனமும் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கும் வடிவம் 2007-இல் வந்தது. நம்பத்தக்க மரம் கையில் இருந்து, உறவு முறை உங்கள் கேள்விக்கு முக்கியம் என்றால் இதை எடுங்கள். அளவு சேராத வடிவத்துக்கு ஜக்காரின் அதே பலவீனம் உண்டு. நீண்ட தனிக்கிளையில் பிழையாக அமர்ந்த ஒரே ஒரு துணுக்குகூட விடையை அசைத்துவிடும்.

மரபணு வெளிப்பாட்டுத் தரவு என்றால் கதை மாறுகிறது. ஆர்என்ஏ வரிசைமுறையில் கிட்டத்தட்ட இருபதாயிரம் மரபணுக்கள் எல்லா மாதிரிகளிலும் இருப்பவை. ஒரு மரபணு இரு மாதிரிகளிலும் அணைந்திருப்பது உண்மையான ஒற்றுமைதான். எனவே இங்கே யூக்ளிடியத் தொலைவு தாராளமாகப் பொருந்தும், தரவைச் சரியாக உருமாற்றிய பிறகு. மூல எண்ணிக்கைகளில் போட்டால் மிக அதிகமாக வெளிப்படும் ஒருசில மரபணுக்களே தொலைவு முழுவதையும் தீர்மானித்துவிடும். இரத்த மாதிரி என்றால் ஹீமோகுளோபின் மரபணுக்கள். வெறும் மடக்கை எடுத்தால் தலைகீழாக, எண்ணிக்கை குறைந்த மரபணுக்களின் இரைச்சல் முன்னுக்கு வந்துவிடும். ஆர் மொழியின் டீசெக்-2 தொகுப்பில் உள்ள, மாறுபாட்டை நிலைப்படுத்தும் உருமாற்றம் இதற்கென்றே இருக்கிறது. அதை முடித்து யூக்ளிடியத் தொலைவு எடுப்பதுதான் நான் யாருக்கும் தயங்காமல் சொல்லும் வழி. ஒட்டுறவை ஒன்றிலிருந்து கழிக்கும் தொலைவும் புழக்கத்தில் இருக்கிறது. 1998-இல் ஐசனும் உடன் ஆய்வாளர்களும் ஈஸ்ட் மரபணுக்களை ஒட்டுறவு கொண்டு கொத்துகளாகப் பிரித்தபின் அது பரவியது. காலப்போக்கில் சேர்ந்தே ஏறி இறங்கும் மரபணுக்களைத் தேட அது அருமையானது. மாதிரிகளை ஒப்பிடும்போது எல்லா இணைகளின் ஒட்டுறவும் மிக உயர்ந்தே நிற்பதால், வித்தியாசம் கடைசித் தசமங்களில் சுருங்கிவிடுகிறது.

வெளிப்பாட்டு அட்டவணைகளில் மரபணுக்கள் நிரைகளிலும் மாதிரிகள் நிரல்களிலும் இருப்பது மரபு. ஆர் மொழியின் தொலைவுக் கட்டளையோ நிரைகளுக்கு இடையில்தான் கணக்கிடும். அட்டவணையைத் திருப்பிப் போட மறந்தால், 24 மாதிரிகளுக்கு 276 தொலைவுகள் வர வேண்டிய இடத்தில், இருபதாயிரம் மரபணுக்களுக்கு இடையே கிட்டத்தட்ட 20 கோடித் தொலைவுகள் வரும். கணினியின் நினைவகத்தில் 1.6 ஜிகாபைட் போகும். கணினி திணறினால் நல்லது, தவறு தெரிந்துவிடும். மரபணுக்களை ஐம்பதாகச் சுருக்கிவிட்டு ஓட்டும்போதுதான் ஆபத்து: சத்தமில்லாமல் அழகான படம் ஒன்று வந்துவிடும்.

அளவுகோல் கொண்டு எடுத்த அளவுகளுக்கு, அதாவது எலும்பின் நீளம், இதழின் அகலம், இரத்தத்தில் சர்க்கரை போன்றவற்றுக்கு, மகாலனோபிஸ் தொலைவை மறக்கக் கூடாது. 1920-இல் நாக்பூரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் விலங்கியலாளர் நெல்சன் அனந்தேல், கல்கத்தா ஆங்கிலோ-இந்தியர்களின் உடலளவுகளை ஆராயும்படி புள்ளியியலாளர் பி. சி. மகாலனோபிஸைக் கேட்டுக்கொண்டார். அந்த வழியில் தொடர்ந்த உழைப்பு 1936-இல் தொலைவின் பொது வடிவமாக அச்சேறியது. உயரமும் கால் நீளமும் சேர்ந்தே கூடும். இரண்டையும் தனித்தனி வித்தியாசமாக எண்ணினால் ஒரே விஷயத்தை இருமுறை எண்ணியதாகும். அளவுகள் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் உடன்மாறுபாட்டு அணியின் நேர்மாறைக் கொண்டு அந்த இரட்டிப்பை மகாலனோபிஸ் நீக்கினார். 1946-இல் இந்தியப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் கேம்பிரிட்ஜுக்குச் சென்றதே சூடானின் ஜெபல் மோயாவில் கிடைத்த பழங்கால எலும்புக்கூடுகளின் அளவுகளை இந்த முறையில் ஆராயத்தான். நம் நாட்டில் பிறந்து உலகெங்கும் போன இந்த அளவையை இன்றைய உயிரித் தரவாளர்கள் அதிகம் தொடாததற்குக் காரணம் நியாயமானதே. 24 மாதிரிகளை வைத்து இருபதாயிரம் மரபணுக்களின் உடன்மாறுபாட்டு அணியை உருவாக்கினால் அதற்கு நேர்மாறே இருக்காது. மாறிகளைவிட மாதிரிகள் கணிசமாக அதிகமாக இருக்கும் தரவுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். எண்களும், நிறம் போன்ற வகைகளும் கலந்த தரவென்றால் 1971-இல் கோவர் தந்த அளவை போதும்.

ஓரிடத்திலிருந்து நேரே போகும் தொலைவு, இன்னோரிடம் வழியாகச் சுற்றிப் போவதைவிடக் கூடக் கூடாது என்ற முக்கோணச் சமனிலியைப் பிரே–கர்டிஸ் எப்போதும் நிறைவேற்றாது. தொலைவுகளைப் புள்ளிகளாக மாற்றும் முதன்மை ஆய அச்சுப் படம் வரையும்போது, அச்சுகளின் பங்கைச் சொல்லும் ஐகன் மதிப்புகளில் சில எதிர்க்குறியோடு தலைகாட்டுவது அதனால்தான். வர்க்கமூலம் எடுத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் நீங்கும். தரவரிசையை மட்டும் பார்க்கும் வரைபட முறைகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

எந்த அளவை என்பதை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 2011-இல் மனிதக் குடல்கள் பாக்டீராய்ட்ஸ், பிரெவோடெல்லா, ரூமினோகாக்கஸ் ஆகியவற்றின் ஆதிக்கத்தை ஒட்டி மூன்று வகையாகப் பிரிகின்றன என்ற ஆய்வு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. 2013-இல் கோரெனும் உடன் ஆய்வாளர்களும் தொலைவு அளவையையும் கொத்துகளை மதிப்பிடும் முறையையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது, எத்தனை வகைகள், அவை உண்மையில் பிரிந்து நிற்கின்றனவா என்பதே மாறியது. ஆறு அளவைகளை ஓட்டிவிட்டு, சோதனையில் மிகச் சிறிய நிகழ்தகவு தந்த ஒன்றை மட்டும் கட்டுரையில் வைப்பவரை வாசகர் கண்டுபிடிக்க வழியே இல்லை. என் குறிப்பேட்டில் தேதியோடு ஒரு முதன்மை அளவையும், அதைச் சரிபார்க்க வேறு இயல்புள்ள இன்னொன்றும் எழுதிக்கொள்கிறேன். நுண்ணுயிர்ச் சமூகம் என்றால் விகிதங்களில் பிரே–கர்டிஸும், அதற்குத் துணையாக இருமநிலை ஜக்காரும். இரண்டும் முரண்பட்டால் அதுவே ஒரு செய்தி: பெரிய இனங்கள் ஒன்றைச் சொல்கின்றன, அரிய இனங்கள் வேறொன்றைச் சொல்கின்றன. அந்த முரண்பாட்டையும் கட்டுரையில் எழுதுகிறேன்.

அந்த நாற்பது மாதிரிகளை இப்படித்தான் மறுபடி எடுத்தேன். விகிதமாக மாற்றிப் பிரே–கர்டிஸ் போட்டதும் இரண்டு கூட்டங்களும் கலைந்துவிட்டன. ஜக்காரில் மட்டும் பழைய பிரிவின் சாயல் கொஞ்சம் மிச்சமிருந்தது. எல்லாவற்றையும் ஒரே மொத்தத்துக்குக் குறைத்தபின் அதுவும் மறைந்தது. நாற்பது மாதிரிகளுக்கு 780 இணைகள். ஏறுவரிசையில் அடுக்கிப் பார்த்தபோது முதலாவதாக நின்ற எண் 0.03, அடுத்தது 0.4-ஐத் தாண்டியிருந்தது. அந்த 0.03, இரண்டு வெவ்வேறு ஆட்களுடையவை என்று எழுதப்பட்டிருந்த, ஒன்று முதல் தவணையிலும் மற்றது இரண்டாம் தவணையிலும் ஓடிய மாதிரிகளுக்கு இடையில் வந்தது. என் முதல் படத்தில் அவை எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றவை. சேகரித்தவர்களிடம் கேட்டோம். உறைபெட்டியைத் திறந்து குழாய்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஒரே குழாயிலிருந்து இரண்டு முறை எடுத்து, இரண்டாவதற்கு வேறொருவரின் எண்ணை எழுதியிருந்தார்கள். அந்த மற்றவரின் குழாய் திறக்கப்படாமல் அங்கேயே இருந்தது.